ஒற்றை மைக்கும் ஒன்பது குரல்களும்

சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும், நமது பாடற்குழுவின் மூத்த அம்மையார் ஒருவர் சக்ரீஸ்து வாயிலில் நமக்காகக் காத்து நின்றார். "சாமி, முப்பது வருசமாப் பாடுறேன். இன்னைக்கு என் குரல் என் மகளுக்கே கேக்கலையாம். இனி நான் வரலை" என்றார். கண்கள் கலங்கியிருந்தன.

குற்றம் நம்முடையதே. அவ்விழாவுக்கென நான்கு மைக்குகளை ஆராயாமல் வாங்கியவர் நாமே. பாடுவோர் ஒன்பது பேர். உடன் ஓர் ஆர்மோனியம், ஒரு தபேலா. மைக்கை ஒட்டி நின்றவரின் குரல் முழங்கிற்று. இரண்டடி பின்னே நின்றவர் ஊமையானார். ஒலியை மேலும் கூட்டியபோது ஒலிபெருக்கி ஊளையிட்டது. நாம் வாங்கியவை 'டைனமிக்' வகையின. வாயருகே பிடித்துப் பாடும் தனிக்குரலுக்கு ஏற்றவை. ஒரு குழு முழுவதையும் தள்ளி நின்று கேட்கும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு.

பொங்கலுக்கு ஊர் வந்திருந்த, ஒலிப்பதிவுத் தொழிலறிந்த இளைஞர் ஒருவரிடம் இதனைக் கூறினோம். "நாலும் வேண்டாம், ஃபாதர்; ஒன்று போதும்" என்றார் அவர். நாம் நம்பவில்லை. அவர் அமெரிக்க நாட்டின் 'புளூகிராஸ்' இசையை எடுத்துக்காட்டினார். அவ்விசையின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் காலத்தில், 1940களில், குழுவினர் ஒரே மைக்கைச் சூழ்ந்து நின்று இசைப்பது வழக்கமாம். தம் முறை வரும்போது ஒருவர் முன்னே வருவார். முடிந்ததும் விலகி அடுத்தவருக்கு வழிவிடுவார். பல மைக்குகள் மலிந்த பின்னரும், 1990களில் டெல் மெக்கௌரியின் குழு அம்முறைக்கே திரும்பிற்று.

அத்தகைய மைக்கைத் தெரிந்துகொள்வதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அது 'கண்டன்சர்' வகையாக, அகன்ற சவ்வுடையதாக இருத்தல் நன்று. இரண்டடித் தொலைவிலுள்ள மென்குரலையும் அது பற்றும். ஆனால் அதற்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்னழுத்தம் மிக்சரிலிருந்து வர வேண்டும். நமது பழைய பெருக்கியில் அவ்வசதி இல்லாமையால், சிறு மிக்சர் ஒன்றும் வாங்க நேர்ந்தது. இரண்டாவது, அது கேட்கும் திசை. எல்லாத் திசையும் கேட்பது ஒலிபெருக்கியின் ஓசையையும் வாங்கி ஊளையிடும். முன்புறம் கூர்ந்து கேட்டு, பின்புறத்தைப் பெரிதும் விலக்கும் இதய வடிவ வகையே ஆலயத்துக்கு உகந்தது. மூன்றாவது, நிறுத்தும் இடம். மைக்கின் முதுகு மக்களை நோக்க, முகம் பாடகரை நோக்க வேண்டும்; ஒலிபெருக்கிகள் மைக்குக்கு முன்னே, மக்கள் பக்கமாக நிற்க வேண்டும்.

இவ்வளவும் பணத்தால் ஆகும். எஞ்சியது மனத்தால் ஆக வேண்டியது. திறந்த வெளியில், மைக்கிலிருந்து இருமடங்கு விலகினால் ஒலி 6 டெசிபல் குறையும். ஆலயத்தினுள் எதிரொலியால் சற்று மாறினும் விதி அதுவே. ஆகவே வன்குரலோர் ஓரடி பின்னே செல்ல வேண்டும். மென்குரலோர் முன்னே வர வேண்டும். தபேலா எல்லார்க்கும் பின்னே. "பின்னே போ" எனக் கேட்ட இளைஞர் இருவர் முகம் சுளித்தனர். ஒருவர் மூன்று நாள் ஒத்திகைக்கே வரவில்லை. ஒற்றை மைக் குரல்களைச் சமன் செய்வதில்லை. பாடுவோரே ஒருவரையொருவர் கேட்டுச் சமன் செய்துகொள்ள வேண்டும்.

ஒத்திகையின் இறுதி நாளில் அவ்விளைஞர் தயங்கியபடி நம்மிடம் வந்தார். "இன்னொன்று, ஃபாதர். பாட்டு நடக்கும்போது பீடத்து மைக்கை அணைத்துவிட வேண்டும்" என்றார். அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு ஞாயிறும் பாடற்குழுவுக்கு மேலாக, நமது மைக்கில் உரக்கப் பாடிவந்தவர் நாமே! ஒன்பது பேரையும் பின்னே தள்ளிய பெருங்குரல் நமதே.

உயிர்ப்புப் பெருவிழாவன்று பீடத்து மைக்கை நம் கையாலேயே அணைத்தோம். அம்மையாரை வீடு சென்று அழைத்திருந்தோம். அவர் வந்து, அரைவட்டத்தின் நடுவே, மைக்குக்கு இரண்டடியில் நின்றார். ஒலி முன்போல் பெரிதாக இல்லை. கடைசி வரிசையினர் சற்றே செவிசாய்க்க வேண்டியிருந்தது. திறந்தவெளித் தேர்த்திருவிழாவுக்கு இம்முறை போதாது என்பதையும் அறிவோம். ஆயினும் ஒன்பது குரல்களும் கேட்டன. திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, அம்மையாரின் மகள் நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. தாயின் கையைப் பற்றியிருந்தார்.

அன்புக் குடும்பத்தாரே, உங்கள் பங்கில் மைக் வாங்கும் பேச்சு எழுமாயின், விலையைக் கேட்குமுன் ஒன்று செய்யுங்கள்: மைக்கே இன்றி ஒருமுறை பாடிப் பாருங்கள். யார் குரல் கேட்கவில்லை என்பதும், யார் பின்னே செல்ல வேண்டும் என்பதும் அப்போதே விளங்கும்.