பையன்தானே, லேட்டாத்தான் பேசுவான்!

பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்", "தாத்தா மாதிரி அமைதி", "நாக்குல தேன் தடவிப் பாரு" என்று அதன் பின்னாலேயே இன்னும் நாலு வரும். சொல்பவர்கள் எல்லாரும் நம்மீது அன்புள்ளவர்கள்தாம். நம் பயம் தணியட்டும் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால், அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று வீணாகப் போய்விடும். பேரனை வளர்க்கும் பாட்டி என்ற முறையில் இதைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் இருப்பது ஜொகூர் பாருவில். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை 4.30 மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புவார்கள். காஸ்வே நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேர இரவு 8 ஆகிவிடும். இந்த ஊரில் இப்படி வளரும் பிள்ளைகள் ஏராளம். பகல் முழுக்கப் பாட்டிதான். எனவே, பிள்ளைக்கு எது வந்தது, எது வரவில்லை என்பது முதலில் தெரிவதும் பாட்டிக்குத்தான்.

என் பேரனுக்கு எல்லாமே தாமதம். பத்து மாதத்தில்தான் உட்கார்ந்தான். ஒன்றரை வயதில் சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான். வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுப்பான். விரலை நீட்டிக் காட்ட மாட்டான். நடக்காததையும் பேசாததையும்விட, அந்த விரல்தான் எனக்கு உறுத்தியது. அவன் அம்மா அதே வயதில் வானத்தில் விமானம் போனால் விரலை நீட்டுவாள். நான் பார்க்கிறேனா என்று திரும்பி என் முகத்தையும் பார்ப்பாள். இவனுக்கு அந்தப் பழக்கமே வரவில்லை.

நம் நாட்டில் பிள்ளை பிறந்தவுடன் அரசாங்க கிளினிக்கில் ஒரு சுகாதாரப் பதிவுப் புத்தகம் கொடுக்கிறார்கள் அல்லவா? பெரும்பாலோர் அதை ஊசி போடும் தேதி பார்க்கத்தான் திறப்போம். அதற்குள்ளேயே எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. 18 மாத ஊசிக்குப் போகும்போது நிரப்ப வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. மொத்தம் இருபது சொச்சம். ஆம், இல்லை என்று பதில் போட்டால் போதும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, நாம் காட்டும் இடத்தைப் பார்க்கிறதா, தனக்குப் பிடித்ததை விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று கேட்பார்கள். அந்தத் தாளை வைத்தே நோய் இன்னதென்று முடிவு கட்டிவிட மாட்டார்கள். டாக்டர் கூடுதலாகப் பார்க்க வேண்டிய பிள்ளை எது என்று சலித்து எடுப்பதற்கான கேள்விகள் அவை.

மிஸ்ஸி பதில்களைப் பார்த்தார். பேரனைத் தரையில் விட்டுச் சிறிது நேரம் கவனித்தார். டாக்டரிடம் அனுப்பினார். அங்கிருந்து பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குக் கடிதம் கிடைத்தது. முதலில் செய்தது காது சோதனை. பேசாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று உறுதி செய்யாமல் மற்றதைத் தொடங்க மாட்டார்களாம். காதில் குறையில்லை.

டாக்டர் சொன்ன பெயர் "ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்". ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை நடமாட்டம், கைவேலை, பேச்சு, பழகும் விதம், புரிந்துகொள்ளுதல் போன்றவற்றில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் வெகுவாகப் பின்தங்கியிருந்தால் இப்படிச் சொல்வார்கள். "இப்போதே தொடங்கினால் நல்லது" என்றார். சின்ன வயதில் மூளை வேகமாக வளர்வதால், அப்போது கொடுக்கும் பயிற்சி நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினார்.

பேச்சுப் பயிற்சிக்குத் தேதி கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. கிடைத்த பிறகும் அடிக்கடி இல்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை அரை மணி நேரம். இதற்குள் உறவுக்காரர்கள் ஒரு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்: "வீட்டுல தமிழ், டிவியில இங்கிலீஷ், வெளியில மலாய். பிள்ளை குழம்பாம என்ன செய்யும்? தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்க." எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கடைக்குப் போய்வர மட்டும்தான் போதும். அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஒரு பிள்ளையிடம் நான் என்ன பேச முடியும்?

முதல் பயிற்சியில் நான் கேட்டதே அதைத்தான். பயிற்சி கொடுத்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண். "ஆன்ட்டிக்கு எந்த மொழி நன்றாக வரும்?" என்று கேட்டார். தமிழ் என்றேன். "அப்படியானால் தமிழிலேயே பேசுங்கள்" என்றார். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சுத் தாமதம் வருவதில்லை என்றும், பிள்ளை சொல்லும் வார்த்தைகளை எண்ணும்போது எல்லா மொழி வார்த்தைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்றும் சொன்னார். 'வேண்டும்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டு, நான் சொன்ன 'வேணும்' என்ற வார்த்தையைத் தன் நோட்டில் ரூமி எழுத்தில் எழுதிக்கொண்டார். அந்த அரை மணி நேரமும் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே பேரனிடம் பந்து விளையாடினார்.

அவர் கற்றுக்கொடுத்தது முக்கால்வாசி எனக்குத்தான். தண்ணீர் கேட்பான் என்று தெரிந்தவுடன் ஓடிப்போய்க் கொடுக்காதீர்கள். கோப்பையை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்து 'தண்ணி' என்று ஒரே வார்த்தை சொல்லுங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். சத்தமோ பார்வையோ கை அசைவோ, எது வந்தாலும் உடனே கொடுங்கள். பிடித்த பொருளை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள், திறக்கச் சொல்லி உங்களிடம் வருவான். பாட்டுப் பாடும்போது கடைசி வார்த்தையை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள்.

கைப்பயிற்சிக்குத் தனியாகச் சாமான் எதுவும் வாங்கவில்லை. காலி மைலோ டின்னின் மூடியில் துளை போட்டு, துணிக்கிளிப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே போடச் சொல்வேன். நான் சப்பாத்தி மாவு பிசையும்போது அவனுக்கும் ஓர் உருண்டை. குளிக்கும்போது ஒரு வாளித் தண்ணீரை இன்னொரு வாளிக்குக் கோலியால் மொண்டு ஊற்றுவான். அரை மணி நேரம் மருத்துவமனையில் நடப்பதை நாள் முழுக்க நடத்துவது வீட்டில் இருப்பவர்கள்தாம். அது நமக்கு வரும் மொழியில்தான் நடக்கும்.

இருபது மாதத்தில் நடந்தான். அதை மாப்பிள்ளையின் போனுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன்.

பெரிய தகராறு வந்தது ஓ.கே.யூ. அட்டையில்தான். மாற்றுத்திறனாளியாகச் சமூக நல இலாகாவில் பதிந்துகொண்டால் கிடைக்கும் அட்டை அது. கற்றல் குறைபாடு என்ற பிரிவின் கீழ் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பதியலாம். சம்பந்தியம்மா அழுதுவிட்டார். "பையன் நெத்தியில முத்திரை குத்தப் போறீங்களா? நாளைக்குப் பொண்ணு கொடுப்பாங்களா?" மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. பாரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

நான் வாதாடவில்லை. "ஒரு நாள் லீவு எடுத்துக்கிட்டு எங்ககூட வாங்க தம்பி" என்று மட்டும் கேட்டேன். வந்தார். பயிற்சிப் பெண் அவரைப் பாயில் உட்காரச் சொல்லி, பந்தை உருட்டிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். பத்து எண்ணி முடிவதற்குள் பேரன் பந்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் நடந்து வந்து, "ணும்" என்றான். அன்று இரவு பாரம் அலமாரியிலிருந்து வெளியே வந்தது.

அட்டை கட்டாயமில்லை, விரும்புகிறவர்கள் பதியலாம். பதிந்தால் அரசாங்க மருத்துவமனையில் கட்டண விலக்கு உண்டு. சமூக நல இலாகாவின் ஆதரவில் நடக்கும் பி.பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்களும் இருக்கின்றன. 1984இல் திரெங்கானு மாநிலத்தின் பத்து ராகிட்டில் தொடங்கிய திட்டம் அது. இப்போது எல்லா மாநிலங்களிலும் மையங்கள் உள்ளன. பேரன் காலையில் அப்படி ஒரு மையத்துக்குப் போகிறான். அங்கு வேறு பெற்றோர்களைப் பார்க்கிறேன். பல இனத்தவரும் இருக்கிறோம். மதியச் சாப்பாடு ஊட்டும் நேரத்தில் எல்லாருடைய கவலையும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது அவனுக்கு மூன்றரை வயது. முப்பது வார்த்தை சொல்கிறான். அதில் தமிழும் உண்டு, மலாயும் உண்டு. "பாட்டி வா", "மீன் வேணும்" என்று இரண்டைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறான். அவன் வயதுப் பிள்ளைகள் கதை சொல்கிறார்கள். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். சில தமிழ்ப்பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகள் இருக்கின்றன. அதைப் பற்றி இப்போதே விசாரித்து வைத்திருக்கிறோம்.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிமார்களுக்கும் தாத்தாமார்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 18 மாதத்தில் நடக்கவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தையைச் சேர்த்துப் பேசவில்லை, வந்த வார்த்தை திரும்பப் போய்விட்டது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த ஊசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் சந்தோஷமாக வீட்டுக்கு வரலாம். போகவர ஒரு காலை நேரம்தான் செலவாகும்.