கலர் வந்தாச்சு!

எங்க வீட்டு டி.வி.யைப் பார்த்து உங்களில் சிலர் சிரித்ததுண்டு. 2006-ல் தொடங்கிய அரசின் இலவச கலர் டி.வி. திட்டத்தில் தாத்தா வரிசையில் நின்று வாங்கிய 14 அங்குலப் பெட்டி அது. தாத்தா இப்போ இல்லை. "காயலான் கடையில போடலாம்" என்று அப்பா சொன்னால் ஆயா அன்று முழுக்கப் பேச மாட்டாங்க.

மாமா எனக்கு ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டி கம்ப்யூட்டர் கொடுத்தார். உள்ளங்கை அளவு போர்டுதான். அதிலுள்ள எச்.டி.எம்.ஐ. துளைக்குப் பழைய டி.வி.யில் இடம் ஏது? ஆனால் அதன் ஹெட்போன் துளையிலேயே வீடியோவும் வருகிறது! தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரிச்சி தெருவில் ஏ.வி. கேபிள் வாங்கினோம்.

மஞ்சள் பின்னை மஞ்சள் துளையில் செருகினால் படமே இல்லை. அது கேம்கார்டர் கேபிளாம், உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. சிவப்பு பின்னை மஞ்சள் துளையில் செருகியதும் படம் வந்தது. ஆனால் கறுப்பு வெள்ளை! பை அனுப்புவது அமெரிக்க என்.டி.எஸ்.சி. முறை. நம்ம டி.வி.க்கு வேண்டியது பால். (ஆவின் பால் இல்லீங்க!) கான்ஃபிக் கோப்பில் எஸ்.டி.டி.வி. மோடு 2 என்று எழுதி மறுபடி ஆன் செய்தேன். கலர்!

பென்டிரைவில் இருந்த சித்தி கல்யாண வீடியோவைப் போட்டேன். போனில் பார்த்தால் ஆயாவுக்குக் கண் தெரியாது. பந்தியில் தாத்தா பாயசம் ஊற்றுகிறார். "நிறுத்துடா... அந்த நீலச் சட்டை நான் எடுத்துக் கொடுத்தது" என்றாங்க.

இப்போ தினமும் சாயங்காலம் அதே கல்யாணம்தான். எனக்குத்தான் டி.வி. கிடைக்கலை.

– 9-ஆம் வகுப்பு மாணவன்