"படம் சுத்துதுண்ணே"

இணையம் அடியோடு வரவில்லை என்று புகார் வந்தால் லைன்மேனுக்கு நிம்மதி. எங்கோ ஃபைபர் அறுந்திருக்கும். தேடிப் பிடித்து ஒட்டிவிட்டு வரலாம். வாட்ஸப் ஓடுகிறது, போனில் வீடியோ ஓடுகிறது, டிவியில் சினிமா போட்டால் மட்டும் நின்று நின்று வட்டம் சுற்றுகிறது என்றால்தான் தலைவலி. மதுரை ஜெய்ஹிந்துபுரம் பக்கம் அப்படிப்பட்ட புகார்களுக்குப் போகும் ஒருவரோடு நானும் தொற்றிக்கொண்டேன். கேபிள் டிவி காலத்தில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஒயர் இழுத்தவர்; இப்போது ஃபைபர். பையைத் தூக்கிவர ஒரு பையன்.

இரண்டாவது மாடி வீடு. 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கியும் படம் சுற்றுகிறது என்று அந்த வீட்டம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பாக்குறேன்க்கா" என்றவர் டிவி இருக்கும் அறைப் பக்கமே போகவில்லை. முன் அறையில் ஃபைபர் வந்து சேரும் வெள்ளைப் பெட்டியின் முன் குத்தவைத்து உட்கார்ந்தார். பச்சைத் தலை வைத்த கனெக்டரைக் கழற்றி, ஆல்கஹால் நனைத்த தாளில் துடைத்து, பவர் மீட்டரில் செருகினார். மைனஸ் 21. வரும் வெளிச்சத்தின் அளவு அது. மைனஸ் 27-ஐத் தாண்டிக் கீழே போனால்தான் கவலை. மறுபடி ஃபைபரைப் பெட்டியில் மாட்டி, லேன் ஒயரில் தன் லேப்டாப்பை இணைத்துப் பார்த்தார். 280-க்கு மேல் வந்தது.

"வெளிய ஒண்ணும் இல்ல. நோவு வீட்டுக்குள்ளதான்" என்றார் என்னிடம், மெதுவாக.

இதுதான் அவர் தொழிலின் சூட்சுமம். சர்வரிலிருந்து டிவி வரைக்குமான பாதையை நடுவில் வெட்டி, எந்தப் பாதியில் குறை என்று முதலில் தீர்மானிப்பது. டிவிக்குப் பக்கத்தில் நின்று போனில் வேகம் பார்த்தபோது ஒரு தடவை 40, அடுத்த தடவை 3. ரூட்டர் முன் அறையில். டிவி உள் அறையில். நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தச் சுவர்களைக் கடப்பதற்குள் செத்துவிடுகிறது. 2.4 கடந்து வரும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் எத்தனை வீட்டு ரூட்டர்கள் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்கின்றன என்பதை அவர் போனில் காட்டினார். திரை முழுக்க ஒன்றின் மேல் ஒன்றாக வளைவுகள்.

படம் முழுதாக வந்து இறங்குவதில்லை. சில நொடி அளவுள்ள துண்டுகளாக வருகிறது. டிவி கொஞ்சத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டுகிறது. வீட்டம்மாவுக்கு அவர் சொன்ன விளக்கம் என்னுடையதைவிடத் தெளிவு: "மேல்தொட்டியில தண்ணி இருக்குற வரைக்கும் குழாய் ஓடும்க்கா. மோட்டார் விட்டு விட்டு ஓடுனா தொட்டி காலியாயிரும்ல, அப்பத்தான் சுத்துது."

சுவரோரமாக லேன் ஒயர் இழுத்து டிவியில் செருகினார். அதோடு முடியவில்லை. கல்லூரியில் படிக்கும் மகன் டிவியிலேயே வேகம் பார்த்துவிட்டு, "300 கட்டுறோம், 94 தானே வருது?" என்றான். நிறைய ஸ்மார்ட் டிவிகளில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகைதான். அதற்கு மேல் வாங்காது. "தம்பி, 4கே படத்துக்கே நெட்ஃபிளிக்ஸ் கேக்குறது 15-தான். 94 நிக்காம வந்தா போதாதா?" படம் ஓடியது. மகன் முகம் மட்டும் தெளியவில்லை. வேகத்தை எண்ணாக்கி விற்றவர்கள், அந்த எண்ணை எங்கே நின்று அளப்பது என்று யாருக்கும் சொல்லித் தரவில்லை.

அடுத்த வீட்டில் நேர்மாறு. சிவப்பு விளக்கு எரியவில்லை, எல்லாம் பச்சை. மீட்டரோ மைனஸ் 28-க்கும் கீழே. மூன்று டெசிபல் குறைந்தாலே வெளிச்சம் பாதியாகிவிடும். இந்த அளவில் இணைப்பு அறுந்துபோகாது, ஆனால் தரவு அங்கங்கே சிதைந்துபோகும். தெருமுனைக் கம்பத்தில் ஏணி சாய்த்துப் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு ஃபைபரை எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் உள்ளே இருந்தது. பெட்டியிலிருந்து வெளியேறும் ஃபைபருக்குள் சிவப்பு லேசர் பேனாவை அடித்ததும், அரை அடி தள்ளி ஓரிடம் மட்டும் செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது. வேறு யாரோ தங்கள் ஒயரைக் கட்டும்போது இதையும் சேர்த்து பிளாஸ்டிக் டேகால் இறுக்கி மடக்கியிருக்கிறார்கள். மடிப்பு வழியே வெளிச்சம் கசிகிறது.

டேகை வெட்டியும் மடிப்பு சரியாகவில்லை. கண்ணாடி விரிசல் விட்டிருக்கலாம் என்று அந்தத் துண்டையே வெட்டி எறிந்தார். ஒயரை இறக்கி, புரோட்டாக் கடை ஓரத்தில் ஸ்டூல் போட்டு ஃபைபர் ஒட்டும் மெஷினை வைத்தார். பையன் காற்றுக்கு மறைவாகக் குடை பிடித்தான். மேலுறையை உரித்து, துடைத்து, கிளீவரில் வைத்து அழுத்த, 'டிக்'. 125 மைக்ரான் கண்ணாடி இழை நேர்வெட்டாக முறிந்தது. அதன் நடுவில் வெளிச்சம் ஓடும் பகுதி 9 மைக்ரான்தான். மெஷின் திரையில் இரு முனைகளும் பெரிதாகத் தெரிந்து, தாமாகவே நகர்ந்து நேருக்கு நேர் நின்றன. ஒரு மின்பொறி. இழப்பு 0.02 டெசிபல். வெட்டிய துணுக்குகளை ஒவ்வொன்றாக இன்சுலேஷன் டேப்பில் ஒட்டி எடுத்துச் சுருட்டினார். தோலுக்குள் ஏறினால் கண்ணுக்கே தெரியாது, நாள்கணக்கில் குத்தும் என்றார்.

மூன்றாவது வகைப் புகாருக்கு அவரிடம் மருந்து இல்லை. வெளிச்சம் சரி, ஒயரில் பார்த்தாலும் பகலில் சரி. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேகம் படுத்துவிடும். ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் முறையில் கீழிறங்கும் 2.5 கிகாபிட்டை ஒரு போர்ட்டில் 32 வீடு, 64 வீடு பங்கு போடலாம். அதைவிட, மேலிருந்து ஆபரேட்டர் எவ்வளவு அலைவரிசை வாங்கியிருக்கிறார் என்பதுதான் கேள்வி. "அது முதலாளி விஷயம்ணே. திட்டு மட்டும் நமக்கு."

டீக்கடையில் நின்று புகார்களை ஆப்பில் முடித்து வைத்தார். என்ன வேலை பார்த்தார் என்பதை ஒரு பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஃபைபர் கட், பவர் குறைவு, பெட்டி மாற்றம், ரீசெட். கம்பத்தில் பார்த்த வேலைக்குப் பட்டியலில் இடம் இருந்தது. முதல் வீட்டில் முக்கால் மணி நேரம் பீரோவைச் சுற்றி அலைந்து நோவைக் கண்டுபிடித்ததற்கு இடம் இல்லை. 'ரீசெட்' என்று அழுத்தினார். ரீசெட்டுக்கு ஊக்கத்தொகை உண்டா என்று கேட்டேன். "உக்காந்த இடத்துலயே போன்ல சொல்லிரலாம்னு கணக்குண்ணே அது" என்றபடி டீக்குக் காசு கொடுக்கப் போனார்.