மகிழுந்தில் ஒரு வானொலி

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது நாம் பள்ளியில் படித்த பழமொழிதான். ஆயினும், அதைப் பல்லாண்டு பிள்ளைகளுக்குக் கற்பித்த குளுவாங் தமிழாசிரியர் ஒருவருக்கு, வெள்ளம் வந்த பின்னரே அணையின் நினைவு வந்தது. 2006 டிசம்பரிலும், வடிந்து மூச்சுவிடுமுன் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நீரில் மூழ்கியபோது, அங்கு வாழ்ந்த தங்கையின் குரலை அவரால் இரண்டு நாள் கேட்க இயலவில்லை. கைப்பேசிக் கோபுரமும் மின்சாரத்தை நம்பி நிற்பதுதானே! அது நின்று, மாற்று மின்கலமும் ஓய்ந்துவிட்டால் எஞ்சுவது வெறும் இரும்புத் தூண். தங்கை நலமாகவே இருந்தாள். ஆனால், அந்த இரண்டு இரவுகள் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

அமெச்சூர் வானொலி மலேசியாவுக்குப் புதியதன்று. அதற்கான சங்கம் 1952-இலேயே தோன்றிவிட்டது. உரிமம் பெற்றவரே அதில் பேசலாம். ஆசிரியர் ஐம்பது வயதைக் கடந்தபின் மீண்டும் மாணவராகித் தேர்வெழுதி, 9W2 எனத் தொடங்கும் அழைப்புக்குறியைப் பெற்றார்.

மகன் கேட்டான்: "அத்தையிடம் வானொலி இல்லையே, அப்பா. நீங்கள் யாரிடம் பேசுவீர்கள்?"

"இல்லைதான், தம்பி. அதனால்தான் வீட்டில் வைக்காமல் காரில் வைக்கப்போகிறேன். சாலை எதுவரை போகிறதோ அதுவரை போய், கண்டதை அங்கிருந்து சொல்லலாம் அல்லவா?"

எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். ஐந்து வாட் கைக்கருவி விலை குறைந்தது. ஆனால், மகிழுந்தின் இரும்புக் கூட்டுக்குள்ளிருந்து பேசினால் அதன் குரல் பாதி அங்கேயே அடங்கிவிடும். ஐம்பது வாட் கருவிகளிலோ வண்ணத்திரையும் பல அலைவரிசைகளும் கண்ணைப் பறித்தன. கையிலிருந்த பணத்துக்கு அத்தகைய கருவி ஒன்று வாங்கலாம். அல்லது எளிய கருவியும் நல்ல ஏரியலும் வாங்கலாம். ஆசிரியர் இரண்டாவதையே தேர்ந்தார். அது சரியான முடிவே. வாட்டைப் பெருக்கினால் நம் குரல்தான் தொலைவு செல்லும். பிறர் குரல் நம் காதில் விழ அது உதவாது. நல்ல ஏரியல் இரண்டுக்கும் உதவும். வெள்ளக் காலத்தில் பேசுவதைவிடக் கேட்பதே மிகுதி.

அவர் தேர்ந்தது 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரண்டு மீட்டர் அலை. அதன் கால் அலைநீள ஏரியல் ஏறக்குறைய அரை மீட்டர்தான். கூரை நடுவில் நின்றால் சுற்றிலும் உள்ள தகடே அதற்குத் துணை. ஒன்றேகால் மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஏரியல் சமவெளியில் இன்னும் நன்றாய்ப் பணிபுரியும். ஆனால், தோட்டத்துச் சாலையில் கிளைகள் அதை விட்டுவைப்பதில்லை. சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்றார் கடைக்காரர். ஐம்பது வாட்டில் பேசும்போது கருவி பத்து ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். அத்துளையின் மெல்லிய கம்பி அதற்குப் போதாது. ஆகவே தடித்த கம்பிகளை பேட்டரிக்கே நேராகக் கொண்டுசென்று, தொடக்கத்திலேயே பியூஸும் பொருத்தினார். ஓட்டுகையில் பாராமலே திருகக்கூடிய பெரிய குமிழ் இருந்ததில் அவருக்குத் தனி மகிழ்ச்சி.

இவ்வலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது; மேடு மறித்தால் நின்றுவிடும். குளுவாங்கை ஒட்டிய குனோங் லம்பாக் 510 மீட்டர் உயரம். அதன் உச்சியிலிருந்து புறப்படும் அலை, கணக்குப்படி 90 கிலோமீட்டர் வரை எட்டவேண்டும். கோத்தா திங்கி நேர்கோட்டில் அதற்குள்தான் இருக்கிறது. ஆனால், மகிழுந்து மலையுச்சியில் நிற்பதில்லையே!

ஒரு ஞாயிறன்று உள்ளூர் நண்பர் ஒருவரை வானலையில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அவர் கோத்தா திங்கிச் சாலையில் புறப்பட்டார். செம்பனைகளுக்கிடையே சாலை தாழ்ந்த இடங்களில் நண்பரின் குரல் கரகரத்தது; மேடேறியதும் தெளிந்தது; பின்னர் ஓரிடத்தில் அறவே மறைந்தது. அவர் வண்டியைத் திருப்பி, குரல் கடைசியாகக் கேட்ட மேட்டில் நிறுத்தி, அருகிருந்த கிலோமீட்டர்க் கல்லின் எண்ணைப் பழைய பயிற்சி ஏடொன்றில் குறித்துக்கொண்டார். அந்த ஏடு இப்போதும் மகிழுந்தின் முன்பெட்டியில்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறந்ததும் அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பெட்ரோலை நிரப்பி வைக்கிறார்.