கயிறு பிடித்தவர்கள்

முத்துக் குளிப்பில் ஒரு வழக்கம் உண்டு என்பார்கள். கல்லின் மேல் காலூன்றிக் கடலுக்குள் இறங்குகிறவன், மேலே தோணியில் கயிறு பிடிக்கத் தன் மைத்துனனைத்தான் நிறுத்துவானாம். உடன்பிறந்தாளின் தாலிக்காகவாவது கண் அயரமாட்டான் என்ற கணக்கு! தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக் குளிப்பு இல்லை. கதை மட்டும் இருக்கிறது.

மைத்துனன் இல்லாத இடத்தில் கயிறு பிடிப்பது யார்? ஷாக்கிள்டனின் தென்துருவப் பயணத்தைப் படித்தபோது இந்தக் கேள்விதான் எழுந்தது. 1915-ல் அவருடைய கப்பல் பனிக்கட்டியில் நெரிந்து மூழ்கியது. பிறகு 22 பேரை எலிபன்ட் தீவில் விட்டுவிட்டு, ஐந்து பேரோடு சிறு படகில் உதவி தேடிப் புறப்பட்டார். சீமையிலோ யுத்தம். இரண்டு முறை மீட்கப் போய் முடியாமல் திரும்பினார். கடைசியில் சிலி நாட்டின் தென்கோடியில், புன்ட்டா அரினாஸ் துறைமுகத்தில் பிழைக்கப் போயிருந்த ஆங்கிலேயர்கள் மூன்றே நாளில் 1,500 பவுன் திரட்டினார்கள். அன்றைய விலைக்கு நம் பணம் 22,500 ரூபாய்! எம்மா என்ற பாய்க்கப்பல் 1916 ஜூலையில் கிளம்பியது. பனி வழிவிடவில்லை; அதுவும் திரும்பிற்று. ஆகஸ்ட் 30-ந் தேதி சிலி அரசின் சிறு நீராவிக் கப்பல்தான் 22 பேரையும் உயிரோடு ஏற்றி வந்தது.

எங்கள் ஊரிலும் ஒரு கப்பல்காரர் இருந்தார். 1906-ல் பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் என்று வசூலித்துச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1908-ல் சிறை; 1911-ல் கம்பெனியும் மூடியாயிற்று. 1912 டிசம்பரில் வெளியே வந்தவருக்கு வக்கீல் தொழிலும் இல்லை. சென்னையில் குடும்பத்தோடு தவித்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று கொடுத்த பணம் காந்தியிடம் இருந்தது. அதைக் குறித்து 1915-ல் தொடங்கிய கடிதப் போக்குவரத்து, 1916 தொடக்கம் வரை இழுத்தது. கடைசியில் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா.

1,500 பவுனை விட அந்தப் பன்னிரண்டு அணாதான் என்னை உறுத்துகிறது. முகம் பார்த்திராத யாரோ கடல் கடந்து கயிறு பிடித்திருக்கிறார்கள். இங்கே பங்கு வாங்கிய பெரிய மனிதர்கள் எங்கே போனார்கள்? பயந்திருப்பார்கள். போலீஸுக்குப் பயப்படாத சம்சாரி உண்டா? ஆனாலும் மனம் சமாதானமாகவில்லை.

2011 முதல் எங்கள் துறைமுகத்துக்கு அவர் பெயர். அதைக் கடக்கும்போதெல்லாம், அந்தப் பணம் கைக்கு வந்த அன்று எந்தக் கடைப் பாக்கி முதலில் தீர்ந்ததோ என்று நினைத்துக்கொள்கிறேன்.