கால் அறிந்த காடு

நுழையும்முன்

நாள்தோறும் கடந்து செல்லும் நிலத்தின் பெயர்களை நாம் அறிந்திருக்கிறோமா? செட்டிநாட்டுச் செம்மண் வெளியில் பேத்தி ஒருத்தி தன் அப்பத்தாவுடன் நடந்த ஒரு காலைப்பொழுதையும், அந்நடை அவளுக்குள் எழுப்பிய வினாக்களையும் கூறுகிறது இக்கட்டுரை.

காரைக்குடிக்கு மேற்கே உள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தில் பள்ளிக்கு வருகிறாள் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி. செம்மண் மேடுகளும் முட்புதர்களும் சன்னலுக்கு வெளியே ஓடி மறையும். அங்கே பார்ப்பதற்கு ஏதேனும் இருக்கும் என்று அவள் எண்ணியதே இல்லை. நில ஆவணங்களும் இத்தகைய இடங்களைப் பெரும்பாலும் ‘தரிசு’ என்றும் ‘புறம்போக்கு’ என்றுமே குறிக்கின்றன. பயிர் விளையாத நிலம் பயனற்ற நிலம் என்னும் எண்ணம் அச்சொற்களோடு சேர்ந்து மனத்தில் பதிந்துவிடுகிறது.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எழுபது வயதைக் கடந்த அவளுடைய அப்பத்தா, அந்த வெளிக்கு அப்பால் கண்மாய்க்கரையில் உள்ள கோயிலுக்கு நடந்தே போக வேண்டும் என்றார். இளமையில் ஆடு மேய்க்கவும் சுள்ளி பொறுக்கவும் அவர் நாள்தோறும் சென்ற வழி அது. முழங்கால் வலி வந்தபின் பல ஆண்டுகளாக அப்பக்கம் போகவில்லை. துணைக்குப் பேத்தி புறப்பட்டாள்.

“பஸ்ஸுலயே சுத்திப் போயிரலாமே அப்பத்தா. அங்க வெறும் பொட்டலுதானே கிடக்கு?”

“பொட்டலா? வந்து பாரு தாயி. உங்க அப்பனை இடுப்புல வச்சுக்கிட்டு நான் நடந்த பாதை அது.”

மண்ணும் பெயரும்

வழி கடினமானதன்று. பெரிய ஏற்றமோ இறக்கமோ இல்லை. ஒருவர்பின் ஒருவராகச் செல்லக்கூடிய ஒற்றையடிப் பாதை, புதர்களுக்கிடையே வளைந்து சென்றது. முதல்நாள் பெய்த மழையில் மண் இறுகியிருந்தது. ஆங்காங்கே செம்புறாங்கல் தலைகாட்டியது. மழையும் வெயிலும் நெடுங்காலம் மாறிமாறித் தாக்கியதால், கரையக்கூடிய பொருள்கள் நீரோடு சென்றுவிட, இரும்பும் அலுமினியமும் தங்கி இறுகி உருவான கல் இது. வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப்பட்டபின் உறுதியாகவும் மாறும் இயல்புடையது. ஊருணிகளின் படித்துறைகளும் சுற்றுச்சுவர்களும் இக்கல்லால் அமைந்திருப்பதைச் செட்டிநாட்டில் காணலாம். இக்கல்லுக்கு மேலே உள்ள மண்ணுக்கு ஆழம் குறைவு. ஆகவே அங்கே நெடுமரங்களைவிடப் புதர்களே மிகுதி. அழிந்துபோன காட்டின் எச்சம் என்று அப்புதர்களைக் கருதிவிடக் கூடாது. அம்மண்ணுக்கு ஏற்ற காடே அதுதான்.

அப்பத்தா கைத்தடியால் சுட்டிச் சுட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே நடந்தார். மஞ்சள் பூத்தது ஆவாரை. இலை பளபளப்பது விராலி. கிளையெல்லாம் முள்ளாய் நிற்பது சூரை. வேலிக்கு நடுவது கிளுவை. ஒரு புதரின் முன் நின்று, இரண்டிரண்டாக நீண்டிருந்த முள்ளைக் காட்டி, “இதுதான் காரை” என்றார்.

மாணவி திகைத்து நின்றாள். காரைச் செடிகள் நிறைந்த இடத்தைத் திருத்தி ஊர் அமைத்ததால் காரைக்குடி என்னும் பெயர் வந்தது என்பர். அப்பெயரைத் தாங்கிய ஊருக்கு ஆண்டுக்கணக்காகப் போய்வருகிறாள். காரையை அன்றுதான் கண்டாள். அதன் பழம் தின்னத் தகுந்தது, இலை கீரையாகும், ஆடும் விரும்பி உண்ணும் என்று அப்பத்தா அடுக்கியபோது, தன் புத்தகப் பையில் இல்லாத பாடம் ஒன்று வீட்டிலேயே இருந்திருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது.

காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்று அவள் வகுப்பில் பயின்றிருந்தாள். குருந்தும் காயாவும் முல்லை நிலத்து மரங்கள் என்பதும் தேர்வுக்காக நினைவில் இருந்தது. ஈரச் செம்மண்ணில் பட்டுத் துணுக்குப் போன்ற சிவந்த பூச்சி ஒன்று ஊர்ந்தபோது, அப்பத்தா அதனைத் ‘தம்பலப்பூச்சி’ என்றார். கார்காலத்து முல்லை நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் ‘மூதாய்’ என்று குறித்தது இப்பூச்சியைத்தான். பேருந்தின் வேகத்தில் காண முடியாத அளவு சிறியது அது. குனிந்து பார்த்த ஒருவர்தாம் அதனைப் பாட்டில் வைத்திருக்க முடியும்.

தொடாத சுள்ளி

சற்றுத் தொலைவில் புதர்வெளி முடிந்து அடர்ந்த நிழல் தொடங்கியது. அப்பத்தா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அது கோயில்காடு. பாலையும் வீரையும் காயாவும் தலைமுறை தலைமுறையாக வெட்டுப்படாமல் நின்றன. அடுப்புக்கு விறகின்றி வாடிய நாள்களிலும் இங்கே விழுந்துகிடந்த சுள்ளியை யாரும் தொட்டதில்லை என்றார் அவர்.

சாமிக்கு அஞ்சிக் காத்த இத்தகைய காடுகளின் அருமையை இன்று அறிவியலும் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளன. மேலூரை அடுத்த அரிட்டாபட்டி, 2022-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அடுத்ததாக 2025-இல் அச்சிறப்பைப் பெற்றது, நத்தம் அருகே காசம்பட்டியில் உள்ள வீரகோயில் காடு. ஐந்து எக்டேரைக்கூட எட்டாத சிறிய கோயில்காடு அது.

மறிக்கப்பட்ட வழி

கோயில்காட்டைக் கடந்ததும் பாதை அறுபட்டிருந்தது. புதர்களை அகற்றி வரிசையாகத் தைலமரங்கள் நட்டிருந்தனர். சுற்றிலும் இடுப்பளவு ஆழத்தில் பள்ளம் தோண்டி, மண்ணைக் கரையாகக் குவித்திருந்தனர். அப்பத்தா நெடுநேரம் பேசாமல் நின்றார்.

புதர்வெளியில் விழும் மழைநீரில் ஒரு பகுதி மண்ணுள் இறங்கும். எஞ்சியது சரிவில் வழிந்து, ஓடைகளாகக் கூடி, வரத்துக்கால் வழியே கண்மாயை அடையும். ‘தரிசு’ எனப்படும் மேட்டு நிலமே கீழே உள்ள நன்செய்க்கு நீர் தரும் நிலம். பள்ளமும் கரையும் அந்நீரை நடுவழியில் நிறுத்திவிடுகின்றன. இருவரும் சுற்றி நடந்து கோயிலை அடைந்தபோது, கார்த்திகை மழைக்குப் பின்னும் கண்மாயின் நடுவில் மட்டுமே நீர் தேங்கியிருந்தது.

“மனுசன் போற பாதைதான் போச்சுன்னு நினைச்சேன் தாயி. தண்ணி போற பாதையும்ல போயிருச்சு.”

பிற நிலங்கள், பிற மனிதர்கள்

அடுத்த வாரம் பள்ளி நூலகத்தில் தேடிய மாணவி, புதர்வெளியின் அருமையை உணர்ந்தோர் பிற நாடுகளிலும் உண்டு என அறிந்தாள். வடஜெர்மனியில் லூனபர்க் என்னும் பகுதியில் பரந்த புதர்வெளி ஒன்று உள்ளது. மணற்பாங்கான, வளம் குறைந்த மண். கோடையின் இறுதியில் ஊதா நிறத்தில் பூக்கும் குறுஞ்செடிகள். இயற்கை ஆர்வலர்கள் அங்கே நிலத்தை விலைகொடுத்து வாங்கிக் காக்க முற்பட்டனர். 1921-இல் அது இயற்கைப் பாதுகாப்புப் பகுதியாயிற்று. அதன் மையப்பகுதியில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. நடந்தும் மிதிவண்டியிலும் குதிரை வண்டியிலும் செல்லலாம். மேய்ச்சல் நின்றால் மரங்கள் வளர்ந்து புதர்வெளியை மூடிவிடும் என்பதால், செம்மறி மந்தைகளை மேயவிட்டே அந்நிலத்தைப் பேணுகின்றனர்.

அதைப் படித்தபோது அவளுக்குக் கீதாரிகளின் நினைவு வந்தது. சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகச் சென்று, அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு, மண்ணுக்கு உரமூட்டுவோர் அவர்கள். மந்தையோடு நடக்கும் அவர்களுக்கு மேய்ச்சல் வெளி என்பது வாழ்வாதாரம். அவ்வெளி சுருங்கச் சுருங்க அவர்கள் நடக்கும் வழியும் சுருங்குகிறது.

விலகி நிற்கும் அன்பு

நிலத்தை அறிதல் என்பது அதில் புகுந்து நடப்பது மட்டுமன்று. எங்கே நிற்க வேண்டும் என்று அறிவதும் ஆகும். திருப்பத்தூருக்கு மேற்கே மதுரைச் சாலையையொட்டி வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் உள்ளது. 1977-இல் அறிவிக்கப்பட்ட இச்சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 38 எக்டேர். கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி ஆகிய ஊர்களின் கண்மாய்களில் மழைக்காலத்திற்குப் பின் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் வந்து கூடும். கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அவை அஞ்சிப் பறந்துவிடக் கூடாது என்பதற்காக, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாய்க்கரையில் நடப்போர் குரலைத் தாழ்த்திக்கொள்வர். கூடுகளை நெருங்காமல் நின்று காண்பர். சிறுவர்கள் விட்டுக்கொடுத்த ஒருநாள் மகிழ்ச்சியில் ஓராயிரம் குஞ்சுகளின் உறக்கம் அடங்கியிருக்கிறது.

இதே மாவட்டத்தில் சிங்கம்புணரிக்கு அருகில் உள்ள பிரான்மலையே பாரி ஆண்ட பறம்புமலை என்பர். பற்றிப்படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரை ஈந்தவன் பாரி. அவனுடைய கொடையைப் போற்றும்போது நாம் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. தேரைக் கொடியிடம் விட்டுவிட்ட மன்னன், அன்று காட்டுவழியே நடந்துதானே திரும்பியிருக்க வேண்டும்!

மாணவி அன்று அப்பத்தா சொன்ன பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தாள். பதினேழு பெயர்கள் சேர்ந்தன. சனவரி 26-ஆம் நாள் கூடிய கிராம சபையில், வரத்துக்காலை மீட்டுத் தரக் கோரும் மனுவை அவளுடைய தந்தை அளித்தார். அதன் முடிவு இன்னும் தெரியவில்லை. ஆனால், சனிக்கிழமைதோறும் அவளும் வகுப்புத் தோழியர் இருவரும் அவ்வழியே நடக்கின்றனர். பள்ளத்தைச் சுற்றிச் செல்லும் இடத்தில் புல் மடிந்து, மெலிதாக ஒரு தடம் விழுந்திருக்கிறது. முழங்கால் வலி குறைந்த நாள்களில் அப்பத்தாவும் உடன் செல்கிறார்.