முதல் ஆள் போதும்

2020 ஏப்ரலில் மும்பை காட்கோபர் கிழக்கில் சில தமிழ் வீடுகளுக்கு அரிசி போய்ச் சேராததற்குக் காரணம் நான். பெயர்களைத் தட்டச்சு செய்த பெண்தான் விட்டுவிட்டாள் என்று அன்றைக்கு எல்லாரும் நினைத்தார்கள். அப்படி நினைக்கட்டும் என்று விட்டவனும் நானே.

மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியதும் எங்கள் பகுதிப் பையன்கள் சேர்ந்து பணம் திரட்டினார்கள். குடும்பத்துக்கு ஒரு பை: அரிசி, கோதுமை மாவு, துவரம்பருப்பு, எண்ணெய். எல்லாம் தினக்கூலி நின்றுபோன வீடுகள். பெயர்கள் போனிலும் வாட்ஸ்அப்பிலும் வந்தன. எங்கே விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் ஒரே வீட்டிலிருந்து கணவன், மனைவி, மகன் என்று தனித்தனியாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி அத்தனையையும் எக்செல் ஷீட்டில் ஏற்றினாள். அதை வீடு வாரியாகச் சேர்த்துத் தருவது என் வேலை. ஜாவா எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஒரு பட்டியலில் இருக்கும் இரண்டு ஆட்கள் ஒன்றா வேறா என்று ஜாவாவுக்குத் தானாகத் தெரியாது. எதை வைத்து ஒப்பிடுவது என்பதை ஈக்வல்ஸ் மெத்தடில் நாம்தான் எழுத வேண்டும். ஹேஷ்கோடையும் அதே அடிப்படையில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஆளையே ஹேஷ்மேப் இல்லை என்று சொல்லிவிடும். இன்டர்வியூவுக்கு வருகிறவர்களிடம் இதை நானே கேட்பேன். ஆனால் எதை வைத்து ஒப்பிட்டால் நியாயம் என்பது எந்த விதியிலும் கிடையாது. அது எழுதுகிறவன் பொறுப்பு.

நான் கோலி நம்பரை, அதாவது அறை எண்ணை, வைத்து ஒப்பிட்டிருக்க வேண்டும். ஷீட்டில் அது ‘12’, ‘ரூம் 12’, ‘12/ஏ’, ‘கோயிலுக்குப் பின்னால்’ என்று பல விதமாகக் கிடந்தது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டுச் சரிசெய்ய ஒரு ராத்திரி முழுக்க ஆகியிருக்கும். அதற்குச் சோம்பிப்போய், சர்நேமையும் சந்தின் பெயரையும் சேர்த்து அதையே ஒப்பிடும் கீயாக வைத்தேன்.

மும்பையில் வளர்ந்த தமிழனுக்கு இது எப்பேர்ப்பட்ட தப்பு என்று தெரியாமல் இருக்காது. இங்குள்ள படிவங்களில் மூன்று கட்டம் இருக்கும்: பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர். நமக்கு மூன்றாவது வழக்கமில்லை. சிலர் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் பலர் சாதிப் பெயரைப் போட்டார்கள். முருகன் செல்வராஜ் என்றொருவர் இருந்தால் அவர் மனைவி லட்சுமி முருகன், மகன் கார்த்திக் முருகன். சர்நேமை மட்டும் பார்த்தால் ஒரு வீடு இரண்டாகிவிடும். ஒரே சந்தில் ஒருவருக்கொருவர் ஒட்டுறவே இல்லாத நாடார் வீடுகள் வரிசையாக இருக்கும். அத்தனையும் ஒரே குடும்பமாகிவிடும். என் ஆதாரிலும் என் அப்பா ஆதாரிலும் கடைசிப் பெயர் வேறு வேறுதான். இதெல்லாம் தெரிந்தும் அப்படித்தான் எழுதினேன்.

எழுதியது ஓடாமல் நின்றது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஜாவா 8 வந்த 2014இலிருந்தே பெயர்களை இப்படிச் சேர்க்க இரண்டு வழி உண்டு. குரூப்பிங்பை போட்டால் ஒரே கீ உள்ளவர்கள் எல்லாரும் ஒரு பட்டியலாகச் சேர்ந்து நிற்பார்கள், ஒருவரும் தொலைய மாட்டார்கள். டூமேப் போட்டால் ஒரு கீக்கு ஒரு ஆள்தான். இரண்டாவது ஆள் வந்ததும் ‘டூப்ளிகேட் கீ’ என்று பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும். வீட்டுக்கு ஒரு வரி போதும் என்று நான் டூமேப் எழுதியிருந்தேன். யார் யார் மோதுகிறார்கள் என்று அச்சிட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. ஒரு வீட்டுப் பெயர்கள் மோதத்தானே செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, மோதினால் முதல் ஆளை வைத்துக்கொள் என்று மூன்றாவது ஆர்க்யுமென்டாக எழுதினேன். பிழை போய்விட்டது. பட்டியல் நன்றாகச் சுருங்கியிருந்தது. குழுவில் பாராட்டினார்கள்.

சில வீடுகளுக்கு இரண்டு பை போயிற்று, சில வீடுகளுக்கு ஒன்றுமில்லை. “பேரு குடுத்தோமே தம்பி” என்று ஓர் அம்மா, கையில் பிள்ளையோடு, பை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து கேட்டார். அன்று இரவே நான் எழுதிய கோடைத் திறந்து பார்த்தேன், உடனே புரிந்துவிட்டது. குழு அழைப்பில் என்ன ஆச்சு என்று கேட்டபோது, “என்ட்ரில விட்டுப்போயிருக்கும், சேத்துடலாம்” என்றேன். தட்டச்சு செய்த பெண்ணும் அழைப்பில் இருந்தாள். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை.

அடுத்த சுற்றில் வேலையைச் சரியாகச் செய்தது என் கோடு இல்லை. சந்து சந்தாக நடந்த ஓர் அக்கா வாசலில் நின்று “ஒரே அடுப்பா, தனி அடுப்பா?” என்று கேட்டுக் குறித்துவந்தார். ஒரே சமையலில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒரு குடும்பம் என்பதுதான் அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வரையறை. உறவும் பெயரும் அதில் கணக்கில்லை. அவர் குறித்துத் தந்த எண்ணை வைத்து ஈக்வல்ஸைத் திருத்தினேன். ஏன் திருத்துகிறேன் என்று மட்டும் அப்போதும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணிடம் இப்போதுதான் சொன்னேன். “ஷீட்ல எல்லார் பேரும் இருந்துச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ணா. உங்களுக்கு எதிரா நான் சொன்னா யாரு நம்பியிருப்பா?” என்றாள். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

குழுவில் இருந்த எல்லாருக்கும் பழைய ஷீட்டையும் என் கோடையும் சேர்த்து அனுப்பி, எந்த வரி என்று குறித்துக் காட்டியிருக்கிறேன். விடுபட்ட வீடுகளைக் குரூப்பிங்பை போட்டு எடுத்துவிட்டேன். சிலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். இங்கே இருப்பவர்களின் வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.